வெள்ளம் வடிந்த பிறகு எதை எண்ணுவது? இயற்கை நெல் குழுவின் மீள்திறனை அளக்கும் முறை

கேள்வி இது: காட்டுமன்னார்கோயில் வட்டத்தில் 42 குடும்பங்கள், 63 ஏக்கர், பாரம்பரிய நெல், பங்கேற்புச் சான்று (விவசாயிகளே ஒருவர் வயலை ஒருவர் பார்த்துத் தரும் இயற்கை விவசாயச் சான்று) பெற்ற குழு. புயலும் வெள்ளமும் வந்தால் இந்தக் குழு எவ்வளவு தாங்கும், எவ்வளவு சீக்கிரம் எழுந்திருக்கும் என்பதை எண்ணில் காட்ட வேண்டும். என்ன கேட்பது, எப்படி மதிப்பெண் போடுவது, பக்கத்து ரசாயன விவசாயியோடு ஒப்பிடலாமா?

சான்றிதழையும் மீள்திறனையும் முதலில் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். யூரியா தொடவில்லை, பஞ்சகவ்யம் தெளித்தோம், குழுக் கூட்டம் மாதாமாதம் நடந்தது என்பதெல்லாம் இயற்கை விவசாயம் நடந்ததற்குச் சாட்சி. பத்து நாள் தண்ணீர் நின்ற வயலில் மறுபடி பச்சை தெரிய எத்தனை நாளானது என்பதுதான் மீள்திறனுக்குச் சாட்சி. பல மதிப்பீடுகள் முதல் பட்டியலை எண்ணிவிட்டு இரண்டாவதன் பெயரை மேலே ஒட்டிவிடுகின்றன.

இரண்டாவது, அளவின் அலகு. வீடு வீடாகப் போய் மாடு எத்தனை, நிலம் எத்தனை, படிப்பு எத்தனை என்று கேட்டுக் கூட்டுவது எளிது. ஆனால் நெல் விவசாயத்தில் ஒருவரைக் காப்பாற்றுகிறதும் கவிழ்க்கிறதும் பெரும்பாலும் அவர் வீட்டுக்குள் இல்லை. வடிகால் பொது, மதகு பொது, விதை பலர் கை மாறுவது, நடவு ஆள் ஊரே பங்கு போடுவது. ஆகவே பாதிக் கேள்விகளைக் குடும்பத்திடமும், பாதியை ஒரே வாய்க்காலில் பாயும் வயல்காரர்கள் எல்லோரையும் சேர்த்து உட்காரவைத்தும் கேளுங்கள்.

இருக்கிற கருவிகளில் எதை எடுக்கலாம்

ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பிடம் ‘ஷார்ப்’ என்ற கருவி இருக்கிறது. கேபெல், ஓலோஃப்சே என்ற இருவர் 2012இல் வகுத்த 13 குறியீடுகள் அதற்கு அடித்தளம்: தாமாக ஒன்றுசேர்வது, பல வகைப் பயிர்களும் அவை ஒவ்வொன்றும் வேறு வேறு விதமாக அடியைத் தாங்குவதும், தேவைக்கு மேல் கொஞ்சம் மாற்று வழி வைத்திருப்பது, சிறு சிறு இடர்களுக்குப் பழகியிருப்பது, பழைய அறிவை மதிப்பது, ஓரளவு லாபம் என்று போகும். அந்தக் கருவியில் எடுத்துக்கொள்ள வேண்டிய நல்ல உத்தி ஒன்று உண்டு. ஒவ்வொரு விஷயத்திலும் மூன்றைக் கேட்கிறார்கள்: என்ன இருக்கிறது, அது போதுமா, அது உங்களுக்கு எவ்வளவு முக்கியம். குறைவாக இருந்து, போதாது என்றும் முக்கியம் என்றும் விவசாயியே சொல்வதுதான் வேலைப் பட்டியலில் மேலே வரும். அதே அமைப்பின் ‘ரிமா’ முறை குடும்பக் கணக்கெடுப்பை வைத்துப் புள்ளியியலில் கட்டியது. 42 குடும்பத்துக்கு அது பொருந்தாது, நூற்றுக்கணக்கான வீடுகள் வேண்டும்.

ஷார்ப்பை முழுதாக நடத்தவும் வேண்டாம். கேள்விகள் ஏராளம், பாதி வழியில் வீட்டுக்காரர் ‘எல்லாம் பரவாயில்லை’ என்று சொல்ல ஆரம்பிப்பார். மூன்று கேள்வி உத்தியை மட்டும் எடுத்துக்கொண்டு, நம் ஊர் நெல்லுக்கு வேண்டிய அளவைகளை அதில் பொருத்துங்கள்.

குழி, மா, காணி, மூட்டை

எதையும் அளப்பதற்கு முன் அளவையே சரிசெய்ய வேண்டும். காவிரிப் பாசன வழக்கில் ஒரு குழி 144 சதுர அடி. நூறு குழி ஒரு மா, அதாவது 33 சென்ட். புதுச்சேரி வழக்கில் ஒரு குழி 576 சதுர அடி. நூறு குழி ஒரு காணி, அதாவது 1.32 ஏக்கர். ஒரே சொல், நான்கு மடங்கு வித்தியாசம். காட்டுமன்னார்கோயிலிலும் பாகூரிலும் ஒரே படிவத்தைக் கொடுத்து ‘எத்தனை குழி’ என்று கேட்டால் கணக்கு அங்கேயே செத்தது. படிவத்தில் சென்ட் மட்டும் எழுதுங்கள். சிட்டாவைப் பார்த்து எழுதினால் இன்னும் நல்லது.

மூட்டையும் அப்படித்தான். நேரடிக் கொள்முதல் நிலையத்தில் சிப்பம் 40 கிலோ. வியாபாரி எடுக்கும் மூட்டை இடத்துக்கு இடம் 60 கிலோவுக்கு மேல் 75 கிலோவரை மாறும். ‘ஏக்கருக்கு இருபது மூட்டை’ என்ற பதிலை எடை கேட்காமல் எழுதாதீர்கள்.

இந்தப் பருவ மகசூலை நினைவிலிருந்து கேட்காமல் வெட்டி எடுங்கள். 5 மீட்டருக்கு 5 மீட்டர் சதுரம், வரப்பு ஓரம் தவிர்த்து, வயலுக்கு இரண்டு இடம். அடித்துத் தூற்றிய நெல்லை எடைபோட்டு, ஈரப்பதமானியில் பார்த்து 14 சதவீதத்துக்குக் கொண்டுவர வேண்டும்: எடையை (100 கழித்தல் ஈரப்பதம்) ஆல் பெருக்கி 86 ஆல் வகுக்க வேண்டும். 9.5 கிலோ, ஈரப்பதம் 20 என்றால் 8.84 கிலோ. அதை 162 ஆல் பெருக்கினால் ஏக்கருக்கு ஏறக்குறைய 1,430 கிலோ. ஈரப்பதக் கணக்கை விட்டுவிட்டால் மழைக்கால அறுவடை எப்போதும் நல்ல மகசூல் போலத் தெரியும். வெள்ள ஆண்டை நல்ல ஆண்டாகக் காட்டும் தப்பு இதுதான்.

மழை மில்லிமீட்டரை விட்டுவிட்டு, தண்ணீர் நின்ற நாளை எண்ணுங்கள்

இந்த வட்டத்தின் வீராணம் ஏரிப் பாசனத்தில் மழையளவை மட்டும் வைத்து இடரின் கடுமையைச் சொல்ல முடியாது. ஏரி தன் முழு மட்டமான 47.5 அடியை நெருங்கும்போது உபரி நீர் வெள்ளியங்கால் ஓடை வழியே திறக்கப்படும். அன்று ஊரில் தூறல்கூட இல்லாமல் இருக்கலாம். குமராட்சிப் பக்கத்து வயலில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும். கொள்ளிடத்திலும் வெள்ளாற்றிலும் வெள்ளம் உயர்ந்திருக்கும் நேரத்தில் வடிகால் எதிர்த்துத் தள்ளும். பரங்கிப்பேட்டை, கிள்ளை ஓரத்தில் கடல் ஏற்றமும் சேர்ந்துகொள்ளும்.

அதனால் குழு வயல்களை வாய்க்கால் தலைப்பு, நடு, கடைமடை என்று மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு மூங்கிலை ஊன்றி ஐந்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடு பெயிண்ட் அடியுங்கள். ஐப்பசி முதல் மார்கழி முடிய தினமும் காலை ஆறு மணிக்கு ஒருவர் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். வேண்டியது இரண்டு எண்: அதிகபட்ச ஆழம், பயிர் முழுக மூழ்கியிருந்த நாள்கள். சாதாரண ரகம் முழு மூழ்கலை ஒரு வாரம் தாண்டித் தாங்குவது அரிது. சப் 1 மரபணு உள்ள ரகங்கள் இரண்டு வாரம்வரை தாங்கும். (சப் 1 மரபணு மாற்றுப் பயிர் இல்லை. எஃப்.ஆர். 13ஏ என்ற ஒடிசா நெல்லிலிருந்து கலப்பினச் சேர்க்கையில் வந்தது. இயற்கை விவசாயக் கூட்டங்களில் இதை இன்னும் சந்தேகமாகவே பார்க்கிறார்கள், தேவையில்லாத சந்தேகம்.)

கடலோர வயலானால் வடிந்த தண்ணீரிலும் மண்ணிலும் உப்பைப் பாருங்கள். மண் சாற்றின் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 3 டெசிசீமென்ஸ் தாண்டினால் நெல் மகசூல் குறையத் தொடங்கும். அதற்கு மேல் ஒவ்வொரு அலகுக்கும் சுமார் 12 சதவீதம் போகும். 2004 சுனாமிக்குப் பிறகு கடலோர வயல்களைப் படுக்கவைத்தது அலை அடித்த நாளைவிட மண்ணில் தங்கிவிட்ட உப்புதான்.

புயல் வந்த தேதியும் பயிர் நின்ற பருவமும்

கடலூர் மாவட்டத்தின் மூன்று இடர்களை அருகருகே வையுங்கள். தானே புயல் 2011 டிசம்பர் 30இல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியது. சம்பா கதிர் முற்றிக்கொண்டிருந்த நேரம், அடித்தது காற்று. ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையேறியது. பயிர் தூர் கட்டி முடித்துச் சூல் பிடிக்கும் பருவம், அழித்தது மழையும் அதைத் தொடர்ந்து தென்பெண்ணையில் வந்த வெள்ளமும். 2021 ஜனவரியில் புயலே இல்லை. அறுவடைக்கு நின்ற நெல்லின் மேல் பருவம் தப்பிய மழை, சாய்ந்த கதிரிலேயே முளைவிட்டது.

உயரமான நாட்டு ரகத்தை இந்த மூன்றிலும் வைத்துப் பாருங்கள். காட்டுயானமோ மாப்பிள்ளைச் சம்பாவோ இடுப்பளவு வெள்ளத்தில் தலை நீட்டி நிற்கும். 2024 போன்ற அடியில் அந்த உயரம் காப்பு. 2011 போன்ற காற்றில் அதே உயரம் சாய்த்துவிடும். முளைவிடும் கதையில் உயரத்தோடு சேர்த்து விதை உறக்கமும் பேசும். உறக்கம் உள்ள ரகம் நனைந்தாலும் சில நாள் பொறுக்கும். எனவே ‘பாரம்பரிய ரகம் தாங்கும்’ என்று ஒரே வரியில் எழுதிவிட முடியாது. எந்த ரகம், எந்தப் பருவத்தில், எந்த அடிக்கு என்ற மூன்றும் சேர்ந்ததுதான் ஒரு பதிவு.

ரகப் பன்மையை எண்ணும்போதும் பெயர்களை எண்ணி ஏமாறாதீர்கள். ஐந்து ரகம் வைத்திருக்கிறோம் என்பார்கள். 90 சதவீத நிலத்தில் ஒரே ரகம், மீதி நான்கும் ஆளுக்கு 2.5 சதவீதம். ஒவ்வொன்றின் பங்கையும் தன்னாலேயே பெருக்கிக் கூட்டி, ஒன்றை அதனால் வகுத்தால் உண்மையான எண்ணிக்கை வரும். 0.9 இன் வர்க்கம் 0.81, மற்ற நான்கும் சேர்ந்து 0.0025, கூட்டினால் 0.8125, ஒன்றை அதனால் வகுத்தால் 1.23. அதாவது அந்தக் குழுவிடம் ஐந்து ரகம் இல்லை, ஒன்றே கால் ரகம். தூயமல்லி, கிச்சிலிச் சம்பா, சீரகச் சம்பா மூன்றும் சம பங்கு என்றால் கணக்கு சரியாக 3 தரும். ஆனால் அந்த மூன்றின் வயதும் கிட்டத்தட்ட ஒன்றே. ஒரே வாரத்தில் பூக்கும் மூன்று ரகம் ஒரு மழைக்கு ஒன்றாகவே பதராகும். ஆகவே இதே கணக்கைப் பூக்கும் வாரத்தை வைத்து இன்னொரு முறை போடுங்கள்.

விதைக் காப்பு

என் கணிப்பில் இயற்கை நெல் குழுக்களின் மிகப் பலவீனமான இடம் இதுதான், கேள்வித்தாளில் மிகக் குறைவாக வருவதும் இதுதான். ரசாயன விவசாயி பயிர் அழிந்தால் மறுநாள் வேளாண் விரிவாக்க மையத்திலோ கடையிலோ குறுகிய கால விதை வாங்கிவிடுவார். உங்கள் குழுவுக்கு வேண்டிய விதை கடையில் கிடையாது.

‘விதை வைத்திருக்கிறீர்களா’ என்று கேட்டால் எல்லோரும் ஆம் என்பார்கள். கேட்க வேண்டியது கிலோவில். 63 ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு, 21 ஏக்கர், அழிந்தால் மறு நாற்றங்காலுக்குச் சாதாரண நடவுக்கு ஏக்கருக்கு 20 கிலோ வீதம் 420 கிலோ வேண்டும். ஒற்றை நாற்று நடவு கைவந்தவர்கள் ஏக்கருக்கு 3 கிலோவில் முடிப்பார்கள். அவர்களுக்கு அந்தக் கணக்கைத் தனியாகப் போடுங்கள். இந்த 420 கிலோவும் நவம்பர் கடைசியில் விதைத்தால் விளையக்கூடிய குறுகிய கால ரகமாக, பூங்கார், அறுபதாம் குறுவை போல, இருக்க வேண்டும். 160 நாள் மாப்பிள்ளைச் சம்பா விதை இருநூறு கிலோ இருந்தாலும் கார்த்திகையில் அதனால் பயனில்லை.

கையிருப்பை வேண்டிய அளவால் வகுத்தால் விதைக் காப்பு விகிதம். அதில் மூன்று கழிவு உண்டு. ஒரே வீட்டில் எல்லாம் இருந்தால் பாதியைக் கழியுங்கள், அந்த வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தால் மொத்தமும் போகும் என்பதால். ஈரப்பதம் 13க்கு மேல் இருந்தால் அந்த மூட்டையைச் சேர்க்காதீர்கள். நூறு விதையை ஈரச் சாக்கில் சுற்றி வைத்து எண்பதுக்குக் கீழ் முளைத்தால் அதையும் சேர்க்காதீர்கள். இந்தச் சோதனையைப் புரட்டாசியில் நடத்த வேண்டும். கடலோரக் காற்றில் தை மாத விதை புரட்டாசிக்குள் முளைப்பு இழப்பது சகஜம். அறுத்த கையோடு முளைப்புப் பார்த்து 95 என்று எழுதி வைத்துக்கொண்டு பதினோரு மாதம் நிம்மதியாக இருப்பதுதான் வழக்கமாக நடக்கும் கோளாறு.

வடிந்த நாளிலிருந்து முதல் ஊட்டம்வரை

வெள்ளம் வடிந்த வயலுக்கு வேளாண் துறை வழக்கமாகச் சொல்வது: ஏக்கருக்கு 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம்புண்ணாக்கு கலந்து ஓர் இரவு வைத்து, மறுநாள் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்து இடுவது. ரசாயன விவசாயி இதை இரண்டு நாளில் முடிப்பார். மஞ்சளித்து நிற்கும் உங்கள் பயிர் எத்தனை நாள் காத்திருக்கிறது என்பதுதான் இங்கே அளவு. வேர் புதிதாக விடும் வாரத்தில் ஊட்டம் போகாவிட்டால் தூர் எண்ணிக்கை திரும்பாது. பத்தாம் நாள் கொடுக்கும் கரைசல் இலையைப் பச்சையாக்கும், கதிரைக் கூட்டாது.

தாமதம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பஞ்சகவ்யம், மீன் அமிலம் போன்ற ஊட்டக் கரைசல்கள் தயாராக மூன்று வாரமாவது ஆகும். முன்கூட்டியே இருப்பு இல்லையென்றால் அந்த வெள்ளத்துக்கு அவை கிடையாது. ஜீவாமிர்தம் சில நாளில் ஆகிவிடும்: 200 லிட்டர் தண்ணீர், 10 கிலோ சாணம், 5 முதல் 10 லிட்டர் கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, ஒரு பிடி வரப்பு மண், ஏக்கருக்கு அவ்வளவுதான். 63 ஏக்கருக்கு 630 கிலோ சாணம், 126 கிலோ வெல்லம், 63 டிரம் நிரப்புகிற வேலை. வெள்ள வாரத்தில் வைக்கோல் போர் நனைந்து மாடே பட்டினி கிடக்கும். எனவே கேள்விகள் இவை: குழுவில் மாடு எத்தனை வீட்டில், மேடான இடத்தில் எத்தனை டிரம், உலர்ந்த தீவனம் எத்தனை நாளுக்கு, மீன் அமிலம் எத்தனை லிட்டர் இருப்பு. விடையை ‘எத்தனை ஏக்கருக்கு மூன்று நாளில் ஊட்டம் கொடுக்க முடியும்’ என்ற ஒரே எண்ணாக்குங்கள். பெரும்பாலான குழுக்களில் அந்த எண் மொத்தப் பரப்பில் பாதிகூட வராது.

மண்ணின் பங்கும் உண்டு, ஆனால் அது மெதுவாக அசையும். கரிமச் சத்து 0.5 சதவீதத்துக்குக் கீழ் குறைவு, 0.75க்கு மேல் அதிகம் என்பது ஆய்வக வகைப்பாடு. மூன்றாண்டுக்கு ஒருமுறை பார்த்தால் போதும். 15 சென்டிமீட்டர் ஆழத்தில் வயலுக்குப் பத்துப் பதினைந்து இடம், அதே மாதம், அதே ஆய்வகம். ஆண்டுதோறும் எடுத்து 0.02 ஏறியது என்று அறிக்கையில் போடுவது ஆய்வகப் பிழையைக் கொண்டாடுவதாகும். பசுந்தாள் உரத்துக்குத் தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் நேரத்தில் மடக்கி உழுத பரப்பு எவ்வளவு என்று எழுதுங்கள். அது நேர்மையான எண்.

பணம்: நகை மீண்ட தேதி

வருமானம் கேட்டால் சரியான பதில் வராது. யாரும் எங்கும் சொல்வதில்லை. அதற்குப் பதில் இடர் வந்த நாள்வரை வயலில் இறங்கிய ரொக்கம் எவ்வளவு என்று கேளுங்கள்: உழவு, நாற்றுப் பறிப்பு, நடவுக் கூலி, களை, வாங்கிய இடுபொருள். சொந்தச் சாணத்தையும் வீட்டு உழைப்பையும் தனி வரிசையில் எழுதுங்கள். உரக்கடைக் கடன் இல்லாததால் இயற்கை விவசாயிக்கு ரொக்கம் குறைவாகப் போயிருக்கும், களைக் கூலி மட்டும் கூடியிருக்கும். கவிழ்ந்த ஆண்டில் அவர் இழக்கும் ரொக்கம் பக்கத்து வயல்காரருடையதைவிடக் குறைவு என்றால், மகசூல் எப்படி இருந்தாலும் அது மீள்திறன்.

எழுந்த தேதியைக் காட்ட நகைக்கடனைப் போலச் சிறந்த சான்று வேறில்லை. அடகு வைத்த தேதியும் மீட்ட தேதியும் ரசீதில் இருக்கும். நினைவுப் பிழை கிடையாது. இதை வீட்டுப் பெண்களிடம், பெண் கணக்கெடுப்பாளர் தனியாகக் கேட்க வேண்டும். விற்ற மாடு மறுபடி எப்போது வந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

நிவாரணத்தையும் காப்பீட்டையும் தனிப் பத்தியில் வையுங்கள், ஏனென்றால் இரண்டும் இயற்கை விவசாயத்துக்காக வகுக்கப்பட்டவை அல்ல. ஃபெஞ்சலுக்குப் பின் 33 சதவீதத்துக்கு மேல் சேதமான இறவை நெல்லுக்குத் தமிழக அரசு அறிவித்தது ஹெக்டேருக்கு 17,000 ரூபாய், ஏக்கருக்குச் சுமார் 6,900. இறங்கிய ரொக்கத்தில் அது எத்தனை சதவீதம் என்று குடும்பத்துக்குக் குடும்பம் போடுங்கள். பிரதமர் பயிர்க் காப்பீட்டில் சம்பாவுக்கு விவசாயி கட்டுவது காப்புத்தொகையில் 1.5 சதவீதம்; இழப்பீடு அறிவிக்கப்பட்ட பகுதியின் சராசரி மகசூலைப் பார்த்து வரும். ஊரில் மேட்டு வயல்கள் தப்பி உங்கள் கடைமடை மட்டும் மூழ்கினால் சராசரி விழாது, அதைப் பார்த்து வரும் இழப்பீடும் வராது. வாய்மொழிக் குத்தகைக்காரர் அடங்கல் (சாகுபடிச் சான்று) வாங்க முடியாமல் இரண்டிலிருந்தும் விழுந்துவிடுவார். குழுவில் அப்படி எத்தனை பேர், எத்தனை ஏக்கர் என்பது கட்டாயம் வர வேண்டிய எண்.

அடுத்த வரவு உளுந்து. சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பு நிற்கும் நெல்லுக்குள் ஏக்கருக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோ தெளிப்பது இந்தப் பகுதியின் வழக்கம். ஈரம் அதிகமான வயலில் பெல்ட் வைத்த அறுவடை வண்டி இறங்கினால் முளைத்த உளுந்து நசுங்கிப்போகும். வெள்ள ஆண்டில் எத்தனை ஏக்கரில் உளுந்து பிழைத்தது என்பதை நெல்லோடு சேர்த்துத்தான் அந்த ஆண்டை மதிப்பிட வேண்டும்.

சந்தைக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. ரகத்துக்குப் போட்ட அதே வர்க்கக் கணக்கை வாங்குபவர்களுக்குப் போடுங்கள். பெரும்பகுதியை ஒரே சென்னைக் கடை வாங்கினால் நீங்கள் ஒரு கடையை நம்பியிருக்கிறீர்கள். நிறம் மாறிய நெல்லை வெள்ள ஆண்டில் யார் வாங்கினார்கள் என்று கேளுங்கள். கொள்முதல் நிலையம் ஈரப்பதம் 17க்குள் இருந்தால் எடுக்கும், ஆனால் கருப்புக்கவுனிக்கும் சாதாரண விலைதான். உலர்த்தக் களம் எத்தனை சதுர அடி, தார்ப்பாய் எத்தனை என்பதும் இதோடு.

மதிப்பெண் போடும் முறை

வீழ்ச்சியின் ஆழத்தையும் மீளும் காலத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வழக்கமான பருவத்தை 100 என்று கொள்வோம். அந்த வழக்கம் என்பது இடர் இல்லாத ஐந்து சம்பாவின் நடு மதிப்பு. போன வருஷத்து மகசூல் அல்ல. ஒரு குழு 40க்கு விழுந்து அடுத்த பருவம் 60, அதற்கடுத்து 80, பிறகு 100 என்று ஏறினால் மொத்தக் குறை 60, 40, 20 சேர்ந்து 120. இன்னொன்று 30க்கே விழுந்தது, ஆனால் விதையும் ஆளும் கையிருப்பில் இருந்ததால் அடுத்த பருவமே 100. மொத்தக் குறை 70. வெள்ளத்துக்கு மறுவாரம் மட்டும் கணக்கெடுத்திருந்தால் முதல் குழுதான் வலிமையானது என்று எழுதியிருப்போம்.

முன்கூட்டிய தயார்நிலைக்கு விதை, ஊட்டம், வடிகால், ஆள், சந்தை, ரொக்கம் என ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு மதிப்பெண் போடலாம். சராசரி எடுக்காதீர்கள். எளிமைக்கு நான்கை மட்டும் எடுத்தால், 9, 9, 9, 1 என்ற நான்கின் சராசரி 7; கேட்க நன்றாயிருக்கிறது. விதை 1 என்றால் மற்ற மூன்று ஒன்பதும் கார்த்திகையில் உதவாது. நான்கையும் பெருக்கி நான்காம் மூலம் எடுத்தால் 5.2 வரும். அதையும் விட, மிகக் குறைந்த மதிப்பெண்ணை அதன் பெயரோடு அறிக்கையின் முதல் வரியில் போடுவதே எனக்குப் பிடித்த முறை. பணம் தருபவர்கள் ஒரே எண் கேட்டால் 5.2ஐக் கொடுங்கள், கூடவே ‘விதை 1’ என்பதையும் எழுதுங்கள்.

ரசாயன வயலோடு ஒப்பிடும்போது

ஒப்பிடலாம், ஆனால் ஊரை வைத்து ஜோடி சேர்க்காதீர்கள். ஒரே மதகு, ஒரே மட்டம், ஒரே நடவு வாரம் உள்ள பக்கத்து வயலோடு சேருங்கள். வயல் விட்டு வயல் பாயும் இடமானால் மேல் வயலின் உரநீர் உங்கள் வயலுக்கும் வரும், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். சதவீத இழப்பை மட்டும் ஒப்பிடுவதும் சரியில்லை. வழக்கமாகவே குறைவாக எடுக்கும் வயலுக்கு அதே கிலோ இழப்பு கூடிய சதவீதமாகத் தெரியும். கிலோ, ரொக்கம், நாள் மூன்றையும் போடுங்கள்.

ஒப்பீட்டைக் கெடுக்கும் பெரிய ஓட்டை ஒன்று, வெளியேறியவர்கள். வெள்ளத்துக்குப் பிறகு நான்கு பேர் யூரியாவுக்குத் திரும்பிவிட்டார்கள், இரண்டு பேர் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுத் திருப்பூர் போய்விட்டார்கள் என்று வையுங்கள். குழுப் பட்டியலில் இப்போது 36 பேர், மீந்தவர்கள் திடமானவர்கள், சராசரி ஏறியிருக்கும். முதல் நாள் எழுதிய 42 பெயரையும் கடைசிவரை தொடர வேண்டும். போனவர் ஏன் போனார் என்ற பதிலில்தான் குழுவின் மீள்திறன் எங்கே அறுந்தது என்பது தெரியும்.

42 பேர்தான் என்பதால் மாதிரி எடுக்காமல் எல்லோரையும் கேளுங்கள். தலைவரையும் செயலாளரையும் மட்டும் பார்த்து வராதீர்கள். அவர்கள் வயல் வழக்கமாக வாய்க்கால் தலைப்பில் இருக்கும். விதைத் தேர்வு, நடவு ஆள், களை பற்றிய கேள்விகளைப் பெண்களிடம் கேளுங்கள். பயிர் செத்த இடத்தில் மறுநடவுக்கு ஆள் கிடைக்க எத்தனை நாளானது என்பது நடவுக் கோஷ்டியின் தலைவிக்குத்தான் தெரியும்.

கணக்கெடுப்பு நான்கு முறை. புரட்டாசியில் ஒன்று, மழைக்கு முன், விதை முளைப்போடு சேர்த்து. இடர் வந்தால் தண்ணீர் வடிந்த பதினைந்து நாளுக்குள் ஒன்று. இதில் ஆழம், நாள், பயிர்ப் பருவம், முதல் ஊட்டம் கொடுத்த தேதி மட்டும், அரைப் பக்கத்துக்கு மேல் போகக் கூடாது, ஏனென்றால் அந்த நேரத்தில் யாருக்கும் உட்கார்ந்து பேச நேரமில்லை. அறுவடையும் உளுந்தும் முடிந்தபின் ஒன்று. அடுத்த ஆவணியில் நாற்றங்கால் போடும்போது நான்காவது: யார் மறுபடி விதைத்தார்கள், சொந்த விதையா, கடன் விதையா, அதே ரகமா, நகை மீண்டதா. இடர் வராத ஆண்டில் இரண்டாவதைத் தவிர்த்து மற்ற மூன்றையும் எடுத்துவிட வேண்டும். அவை இல்லாவிட்டால் வெள்ள ஆண்டின் எண்ணை எதோடு ஒப்பிடுவது என்று தெரியாது. மூங்கில் கோல் நோட்டின் நகல் ஒன்று வேறு ஊரில் இருக்கட்டும்.